சத்தம் நின்ற ஆலையில் சிக்னல் அக்கா

என் அக்காவுக்கு எங்கள் சலவை ஆலையில் ‘சிக்னல்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் எங்காவது கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் வெளியே வரும். மற்றபடி சிக்னல், சிக்னல் அக்கா, பெரிய சிக்னல். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொன்னால்தான் அவளுக்கு என்ன ஆனது என்று புரியும். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எனக்குத்தான் பொறுமை கிடையாது, உங்களுக்காவது இருக்கட்டும்.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுப்பதுதான் எங்கள் ஆலையின் வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, அறுவை அறையில் டாக்டர்கள் போடும் பச்சை அங்கி. லாரி லாரியாக அழுக்கு வரும், லாரி லாரியாக வெள்ளை போகும். வாசல் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் சுழலும் டிரம்கள், நடுவில் தண்ணீர் பிழியும் மிஷின், கடைசியில் இஸ்திரிப் பிரிவு. இஸ்திரி என்றால் வீட்டில் தேய்க்கும் பெட்டி இல்லை. உள்ளே நீராவி ஓடும் நீளமான இரும்பு உருளைகள். இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் ஈர விரிப்பைக் கொடுப்பார்கள், அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் சுடச்சுட வாங்கி மடிப்பார்கள். பின்னால் எண்ணெயில் எரியும் பாய்லர் உறுமிக்கொண்டே இருக்கும்.

சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம்! பக்கத்தில் நிற்பவள் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் ஒரு எழுத்து கேட்காது. நான் அங்கே ஃபிட்டர். குழாய், வால்வு, வயர் எல்லாம் என் தலையில். வீட்டுக்கு வந்து படுத்தாலும் மண்டைக்குள் டிரம் சுற்றும்.

அக்கா சின்னப் பெண்ணாக இருந்தபோதே ஈர மூட்டை தூக்கும் வேலைக்குப் போனாள். அவளைக் கட்டிய மாமா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார், கையில் ஒரு பெண் குழந்தை. மூட்டை தூக்கி, உருளைக்கு வந்து, பிறகு இஸ்திரிப் பிரிவுக்கே தலைவியாகிவிட்டாள். அந்தச் சத்தத்தில் பத்துப் பதினைந்து பெண்களை வேலை வாங்குவதற்கு அவள் கண்டுபிடித்ததுதான் கை பாஷை. கன்னத்தில் இரண்டு விரலை வைத்தால் நீராவி அதிகம். உள்ளங்கையைப் புரட்டினால் விரிப்பைத் திருப்பிப் போடு. மணிக்கட்டைத் தட்டினால் இடைவேளை. வேலைக்கு என்று ஆரம்பித்தது, போகப் போக ஊர்க் கதை எல்லாம் அதிலேயே ஓடும். மாமியாருக்கு ஒரு சைகை உண்டு, அதை இங்கே எழுத முடியாது. வேலை கெடாமல், வாய் அசையாமல், உருளையின் இந்தப் பக்கம் ஒருத்தி கையை ஆட்ட, அந்தப் பக்கம் நாலு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் ஏணியில் நின்று பார்த்துப் பார்த்தே பாதி கற்றுக்கொண்டேன்.

எல்லாவற்றிலும் முக்கியமானது காலர் சைகை. முன்பு ஒரு மேலாளர் இருந்தார், நடக்கும்போதெல்லாம் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொள்வார். அவர் வருகிறார் என்றால் அக்கா கழுத்தோரம் இரண்டு விரலால் இழுப்பாள். மேலிடம் பக்கத்தில் நிற்கிறது, வாயைத் திறக்காதே, வேலையைப் பார் என்று அர்த்தம். ஒரே நொடியில் பிரிவே ஊமையாகிவிடும்.

அந்த மேலாளர் காலத்தில் மடிப்பு மேசையில் ஒரு அம்மா இருந்தாள். எல்லோரும் பெரியம்மா என்போம். ஒருநாள் அவர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டார், திரும்பவில்லை. இன்னொரு முறை கத்தினார், அதற்கும் திரும்பவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்குத்தான் கேட்கும்? “காது கேக்காததுக்கெல்லாம் இங்க என்ன வேலை? வீட்ல போய் உக்காரச் சொல்லுங்க,” என்றார். மறுநாள் பெரியம்மா இல்லை. அவ்வளவுதான். உருளைக்கு அந்தப் பக்கம் நின்ற என் அக்கா, அவர் உதடு அசைந்ததைப் பார்த்தே அத்தனையும் படித்துவிட்டாள். படித்ததை அவள் மறக்கவே இல்லை.

அக்காவுக்கு எப்போது காது போனது என்று சரியாகச் சொல்ல முடியாது. ஒரு நாளில் போகிற சமாச்சாரமா அது? வீட்டில் நான் பேசுவதற்கு முன் மேசையைத் தட்ட ஆரம்பித்தேன். அவள் மகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு, போனில் பேசும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து சைகையில் சொல்லுவேன், அக்கா வாயால் பதில் சொல்லுவாள். “அம்மா ஏன் இப்படிக் கத்திக் கத்திப் பேசறாங்க, என் மேல கோவமா மாமா?” என்று அந்தப் பெண் என்னைக் கேட்பாள். நான் சமாளிப்பேன். எனக்கும் அக்காவுக்கும் நடுவில்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆலையில் அது யாருக்கும் தெரியாது. அங்கே எல்லோருமே செவிடர்கள்தானே, அந்தச் சத்தத்தில் என்ன வித்தியாசம்?

பிறகுதான் புதுத் தலைவர் வந்தார்.

பெரிய ஓட்டல்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்களாம்: இவ்வளவு தண்ணீரை வீணாக்கி, இவ்வளவு புகை விடுகிற இடத்தில் எங்கள் துணியைப் போட மாட்டோம் என்று. ஆலையை மாற்ற முதலாளிகள் இவரைக் கொண்டுவந்தார்கள். முதல் நாள் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார்: “தண்ணி பாதியாகணும், புகை நிக்கணும், உங்கள்ல ஒருத்தர்கூட வெளிய போகக் கூடாது. இந்த மூணுல ஒண்ணு நடக்கலைன்னாலும் நான் தோத்தேன்னு அர்த்தம்.” சுவரில் ‘மாற்றத்தின் மையத்தில் மனிதர்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டினார்கள். எங்கள் பிரிவில் வாய் ஓயாத ஒருத்தி உண்டு, ‘வானொலி’ என்போம். அவள் அதைப் பார்த்துவிட்டு, “நம்மள மையத்துல நிக்க வச்சு சுத்திச் சுத்தி அடிக்கப்போறாங்களாடி?” என்றாள். நானும் சிரித்தேன். இந்த மாதிரி எத்தனை போஸ்டர் பார்த்திருக்கிறோம்!

ஆனால் மனசாட்சிக்கு விரோதமாகப் பேசக் கூடாது. அந்த ஆள் வேறு மாதிரிதான் இருந்தார். ஒவ்வொரு பிரிவிலும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலை பார்த்தார். உருளையில் விரலைச் சுட்டுக்கொண்டார். யாரைப் பார்த்தாலும் “சொல்லுங்க” என்றுதான் ஆரம்பிப்பார்; அதனாலேயே அவருக்குச் ‘சொல்லுங்க சார்’ என்று பெயர் விழுந்தது. நின்று நின்று கால் மரத்துப் போகிறது என்று பெண்கள் சொன்னார்கள், மேசையின் உயரத்தை மாற்றி, சாய்ந்து உட்காரும் ஸ்டூல் கொண்டுவந்தார். ஈர மூட்டை தூக்கி இடுப்பு போகிறது என்றார்கள், ஆள் இல்லாமல் தானாக ஓடும் மின்சார வண்டி வாங்கத் தீர்மானித்தார். மேலே உட்கார்ந்து போட்ட திட்டத்தை நாங்கள் சொல்லச் சொல்ல அடித்து அடித்து மாற்றினார். நானே ஒரு தடவை குழாய் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று அவரோடு சண்டை போட்டேன். “நீங்க சொல்றதுதான் சரி,” என்று விட்டுவிட்டார். எனக்கு அன்றைக்கு முழுக்கக் கோபிக்க ஆள் கிடைக்கவில்லை.

அக்கா மட்டும் அவர் வந்தால் கழுத்தோரம் கையைக் கொண்டுபோவாள். பழக்கம். அவருக்கு வேறு, உதட்டை மூடித் தொங்குகிற அடர்த்தியான மீசை. உதட்டைப் பார்த்துப் படிக்கிறவளுக்கு அது எப்படி இருக்கும்? “சொல்லுங்க” என்பார், அவள் தலையை ஆட்டிச் சிரிப்பாள். அடக்கமான அம்மா என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் காதுப் பரிசோதனை வந்தது. புது மிஷின்கள் சத்தம் போடாது, வண்டி பூனை மாதிரி வரும், வருவது தெரிய மணி போதுமா, தரையிலும் தூணிலும் மின்னும் விளக்கும் வேண்டுமா என்று பார்க்க வேண்டுமாம். “இத்தனை வருஷம் இந்தச் சத்தத்துல இருந்திருக்கீங்க. யாருக்குக் காது எப்படி இருக்குன்னு தெரிஞ்சா, அதுக்குத் தகுந்த மாதிரி அமைச்சுக்கலாம்,” என்றார். அவர் சொன்னது அதுதான். எங்கள் பெண்கள் காதில் விழுந்தது வேறு: யாருக்குக் காது கேட்காதோ அவளுக்குச் சீட்டுக் கிழியும். பெரியம்மாவை அத்தனை பேருக்கும் ஞாபகம் இருந்தது.

நர்ஸ் ஒரு பெட்டியோடு வந்து, இஸ்திரிப் பிரிவை ஒட்டிய கண்ணாடி அறையில் உட்கார்ந்தாள். ஆளுக்கு ஒரு ஹெட்போனை மாட்டி, தன் விரலைப் பார்க்கக் கூடாது என்று முதுகைக் காட்டி உட்காரவைத்தாள். சத்தம் கேட்டால் அந்தப் பக்கத்துக் கையைத் தூக்க வேண்டும். முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்களுக்கு எதிரே என்ன இருந்தது தெரியுமா? கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே வானொலி ஒரு விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸின் விரல் வலது பொத்தானுக்குப் போனால் விரிப்பின் வலது முனையை உதறுவாள், இடது என்றால் இடது முனை. ஒரே விரிப்பை அவள் எத்தனை தடவை மடித்தாள் என்று அந்த நர்ஸ் ஒரு முறை நிமிர்ந்து பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். பாவம், அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திட்டம் என் அக்காவுடையது. “எல்லாத்துக்கும் கையத் தூக்காதீங்கடி, சந்தேகம் வந்துரும். அப்பப்ப ஒண்ண விட்ருங்க,” என்று பாடம் வேறு எடுத்திருந்தாள். வேன் ஏறி வீட்டுக்குப் போகும்போது ஒரே கொண்டாட்டம். பிரிவு மொத்தமும் தேறியாகிவிட்டது. வாசல் காவலாளி ஒருத்தருக்கு மட்டும்தான் காது மந்தம் என்று வந்தது. அவருக்கு விரிப்பு மடிக்க ஆள் இல்லையே! நானும்தான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

சொல்லுங்க சாருக்குப் பெருமை பிடிபடவில்லை. “இவ்வளவு சத்தத்துலயும் உங்க எல்லாருக்கும் காது நல்லா இருக்கு. எனக்கே நம்ப முடியல,” என்றார். விளக்குகள் வேண்டாம் என்று முடிவானது. அதற்கு ஒதுக்கியதில் ஜன்னல் வைத்த ஓய்வறை கட்டலாமா என்று எங்களையே கேட்டார். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். விளக்குக்காகத் தூண்களில் நான் வயர் இழுத்து வைத்திருந்தேன். முனைகளை மடக்கி டேப் சுற்றிவிடச் சொன்னார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து சமையலறை மேசையை ஓங்கித் தட்டினேன். அக்கா திரும்பினாள்.

“நான் நாளைக்கு அவர்கிட்ட சொல்லப்போறேன்,” என்றேன் கையாலும் வாயாலும்.

“என்னன்னு சொல்லுவ? என் அக்கா செவிடு, அவளை வெளிய தள்ளுங்கன்னா?”

“அந்த ஆள் அப்படிப்பட்டவர் இல்லக்கா.”

“வர்றப்ப எல்லாரும் இப்படித்தாண்டா இருப்பாங்க. பெரியம்மாவை அனுப்புனவன்கூட வந்த அன்னிக்கு மிட்டாய் குடுத்தான்.” அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. “நீ போய் சொன்னா நான் மட்டுமா மாட்டுவேன்? அந்தப் பிரிவுல பாதிப் பேருக்குக் காது கொஞ்சம் மந்தம்தான். அத்தனை பேர் வயித்துல அடிக்கணுமா? இந்த வேலை இல்லாட்டி நான் யாருடா? வீட்ல உக்காந்து சுவத்தப் பார்க்கவா?”

தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

புது ஆலை ஓட ஆரம்பித்த அன்று எல்லோரும் திகைத்துப்போய் நின்றோம். பாய்லர் இல்லை, உருளைகூட கரண்டில்தான் சூடாகிறது, புகை இல்லை, தரை ஈரம் இல்லை. டிரம் சுற்றுவது பக்கத்து வீட்டு ஃபேன் மாதிரிதான் கேட்டது. யாரோ தும்மினார்கள், அந்தக் கோடி வரை கேட்டது. கைதட்டினார்கள். வானொலிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “இத்தனை வருஷமா உன் குரல் இப்படித்தான் இருக்கும்னு தெரியாதுடி,” என்று பக்கத்தில் நின்றவளைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குக் காது ஓரளவு மிச்சம் இருந்தது.

நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் என் அக்காவுக்கு அன்றைக்குத்தான் இருட்டியது. பெண்கள் வாயால் பேச ஆரம்பித்துவிட்டார்கள். துணியைப் பார்த்துக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே, நடந்துகொண்டே பேசினார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கொஞ்ச நாளிலேயே கைகள் வெறும் கைகளாகிவிட்டன. அக்கா கன்னத்தில் விரல் வைத்தால் பார்க்க ஆள் இல்லை. நீராவிதான் இல்லையே! வானொலி சிரித்தால் இவளும் சிரிப்பாள், ஒப்புக்கு. காலையில் எல்லோரும் வட்டமாக நின்று குறை சொல்லும் கூட்டம் ஒன்று வைத்தார்கள். மீசைக்காரர் அவளைப் பார்த்து “சொல்லுங்க” என்பார். “ஒண்ணுமில்ல சார், எல்லாம் நல்லா இருக்கு,” என்பாள், யாருக்கோ சொல்வதுபோல் உரக்க. வீட்டுக்கு வந்தால் பேச்சே கிடையாது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், தட்டைப் பார்த்தபடியே, “அந்தச் சத்தம் இருந்தப்ப எனக்கு எல்லாம் கேட்டுச்சுடா,” என்றாள்.

வண்டிகள் வந்த பிறகு அவள் சுவரோடு சுவராகத்தான் நடப்பாள். நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். கழுத்து வலி என்று இரவில் தைலம் தேய்த்துக்கொள்வாள்.

நடந்தது மத்தியான வேளையில். உருளையில் ஒரு விரிப்பு கோணலாகப் போனது. அதை இழுத்துவிட அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள். ஈரத் துணி ஏற்றிய வண்டி பின்னாலிருந்து வந்தது. மணி அடித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன், எனக்கே கேட்டது. நான் ஏணி மேல் இருந்தேன். கத்திப் பயனில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். கையை வீசினேன், வீசினேன், அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. நாலடி தள்ளி வானொலி நின்றாள். அவளுக்கு நேராகத்தான் அக்காவின் முகம். பழைய வானொலியாக இருந்தால் கை தானாக மேலே போயிருக்கும். இப்போது இரண்டு கையிலும் துணியைப் பிடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், “அக்கா, வண்டி!” என்று வாயால் கத்தினாள்.

இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வண்டி இடித்த உடனே நின்றுவிட்டது, அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். நின்று என்ன பயன், அந்தப் பாரம் போதாதா? ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். இனிமேல் நின்று வேலை பார்க்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் படுத்திருந்த விரிப்பு எங்கள் ஆலையில் வெளுத்தது. ஓரத்தில் இருந்த ஆலைக் குறியைத் தடவிப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு ஒரு சாயங்காலம் சொல்லுங்க சார் வந்தார். தனியாக வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கண் எல்லாம் சிவந்திருந்தது, தூங்கவில்லை போலிருக்கிறது.

“மணி அடிச்சிருக்கு. இவங்களுக்குக் காதும் நல்லா இருக்குன்னு பரிசோதனையில வந்திருக்கு. அப்போ கவனக்குறைவுதான்னு முதலாளிங்க முடிக்கச் சொல்றாங்க,” என்றார் என்னிடம். “நான் ஒத்துக்கல. உங்க அக்கா வேலை பார்க்கறதை நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். கவனம் குறையற ஆள் இல்ல இவங்க. என்ன நடந்துச்சு? சொல்லுங்க.”

நான் அக்காவைப் பார்த்தேன். கவனக்குறைவு என்ற வார்த்தையை மட்டும் அந்த மீசைக்குள்ளிருந்து அவள் எப்படியோ பிடித்துவிட்டாள். அத்தனை வருஷ வேலையை அந்த ஒரு வார்த்தையில் மூடப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அவள் முகம் மாறியது. தலையணையில் கையை ஊன்றிக் கொஞ்சம் எழுந்தாள்.

“எனக்குக் காது கேக்காது சார்,” என்றாள். தெருவுக்கே கேட்டிருக்கும். “ரொம்ப வருஷமாக் கேக்காது. உங்க நர்ஸை ஏமாத்தினது நான்தான். மத்தவங்களை ஒண்ணும் பண்ணிடாதீங்க.”

நான் பரிசோதனைக் கதை முழுவதையும் சொன்னேன், விரிப்பு உதறியது வரைக்கும். முடித்ததும் அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஏதோ சொன்னார். உதடு தெரியவில்லை. அக்கா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள், என்ன சொல்கிறார் என்று.

அவர் சொன்னதை அப்படியே கையால் சொன்னேன்: “அவ்வளவு நாள் உங்க பக்கத்துலயே நின்னேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? விளக்குதானே, வச்சிருப்பேனே.”

அக்கா போட்டிருந்தது வீட்டு நைட்டி, அதில் காலர் ஏது? இருந்தாலும் வலது கையைத் தூக்கி, கழுத்தோரம் இரண்டு விரலால் மெதுவாக இழுத்துவிட்டாள். பிறகு கையைப் போர்வைக்கு மேல் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

“என்ன சொல்றாங்க?” என்று கேட்டார்.

நான் அக்காவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவர் விடவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “எதுவா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்க,” என்றார்.

“மேலிடம் பக்கத்துல நிக்குது, வாயைத் திறக்காதேன்னு அர்த்தம் சார்.”

“மேலிடம்னா யாரு?”

“நீங்கதான் சார்,” என்றேன்.